முட்டையும் பொற்பெட்டியும்: பண்டைய கொரிய அரசமரபுகள் பற்றிய கேள்வி பதில்

வந்த கேள்விகளில் பாதிக்கு மேற்பட்டவை கயா நாட்டு அரசி ஹோ ஹ்வாங்-ஓக்கைப் பற்றியவை. அவற்றுக்குரிய இடத்தில் அவற்றுக்கும் வருகிறேன். (கொகுர்யோ, பெக்ஜே, சில்லா, கயா ஆகியவை கொரியாவின் பண்டைய அரசுகள்.) அதற்கு முன் ஓர் எச்சரிக்கை. இக்கதைகளுக்கு நமக்குள்ள முதன்மையான கொரிய நூல்கள் இரண்டு. 1145இல், பின்னாளில் கொரியாவை ஆண்ட கொர்யோ அரசவைக்காக கிம் பூசிக் தொகுத்த ‘சாம்குக் சாகி’ ஒன்று. ஏறத்தாழ 1281இல் இர்யோன் என்னும் பௌத்தத் துறவி தொகுத்த ‘சாம்குக் யூசா’ மற்றொன்று. தாம் சொல்லும் தோற்றக் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பிந்தியவை இவை என்பதை ஒவ்வொரு பதிலையும் படிக்கும்போது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (கொன்றை): கொரிய அரசுகளை நிறுவியவர்கள் அனைவரும் முட்டையிலிருந்து பிறந்தவர்கள் என்று படித்தேன். ஏன் முட்டை?

பதில்: அனைவரும் அல்லர். கொகுர்யோவின் ஜுமொங், சில்லாவின் ஹ்யோக்கோசே, அதே சில்லாவின் நான்காம் அரசர் தல்ஹே, கயாவின் சுரோ ஆகியோருக்கு முட்டைக் கதை உண்டு. பெக்ஜேயை நிறுவிய ஒன்ஜோ மனிதர்க்குப் பிறப்பது போலவே பிறந்தவர். சில்லாவின் கிம் குடும்பத்து மூதாதை அல்ஜி, சேவல் கூவிய காட்டில் மரக்கிளையில் தொங்கிய பொற்பெட்டிக்குள் குழந்தையாகவே கிடைத்தவர்.

முட்டைக் கதைகளும் ஒரே வகையானவை அல்ல. ஜுமொங்கின் தாய் யுஹ்வா, ஆற்றுத் தெய்வமான ஹபேக்கின் மகள். சூரிய ஒளி பட்டுக் கருவுற்று முட்டையை ஈன்றாள் என்பது கதை. தல்ஹேயின் தாயும் ஒரு நாட்டின் அரசி. ஏழாண்டுக் கருவுக்குப் பின் பெற்ற முட்டையைப் பெட்டியில் வைத்துக் கடலில் விட்டார்கள். இவ்விருவருக்கும் தாய் உண்டு. பிறந்த இடத்தில் இடமில்லாமல் வெளியேற வேண்டிய நிலையும் உண்டு. ஹ்யோக்கோசேயும் சுரோவும் அப்படியல்லர். அவர்களுடைய முட்டைகள் வானத்திலிருந்து நேரே இறங்குகின்றன. கீழே ஏற்கெனவே கூடியிருக்கும் தலைவர்கள் அவற்றை வரவேற்கிறார்கள். சில்லாவில் ஆறு ஊர்த் தலைவர்கள் நாஜொங் கிணற்றருகே மண்டியிட்டிருந்த வெண்குதிரையையும் முட்டையையும் காண்கிறார்கள். கயாவில் ஒன்பது தலைவர்கள் குஜி மலையில் கூடி, தலையை நீட்டாவிட்டால் சுட்டுத் தின்போம் என்று ஆமையை மிரட்டிப் பாட, ஆறு பொன்முட்டைகள் இறங்குகின்றன. வடக்கின் கதை, துரத்தப்பட்ட வீரன் புதிய மண்ணைக் கைப்பற்றியதைச் சொல்கிறது. தெற்கின் கதை, பல ஊர்த் தலைவர்கள் தம்முள் ஒருவனை உயர்த்தாமல் வெளியிலிருந்து வந்த ஒருவனை ஏற்றுக்கொண்டதைச் சொல்கிறது. முட்டையைக் காட்டிலும் இந்த வேறுபாடுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஜுமொங்கின் கதை கொகுர்யோவுக்கே சொந்தமானதன்று என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கி.பி. முதல் நூற்றாண்டில் சீன அறிஞர் வாங் சொங், கொகுர்யோவுக்கு வடக்கே இருந்த புயோ நாட்டை நிறுவிய தொங்ம்யொங் பற்றி ஏறத்தாழ இதே கதையை எழுதியிருக்கிறார்: வானிலிருந்து இறங்கிய முட்டையளவு ஆவியால் கருவுற்ற பணிப்பெண், பன்றிகளிடம் எறியப்பட்ட குழந்தை, தப்பியோடும்போது மீன்களும் ஆமைகளும் சேர்ந்து அமைத்த பாலம். 414இல் நிறுவப்பட்ட குவாங்கெதோ அரசரின் கல்வெட்டு அதே பாலத்தை ஜுமொங்குக்கு அமைத்துக் கொடுக்கிறது. புயோவின் வாரிசு தாமே என்று சொல்லிக்கொள்ள விரும்பிய ஓர் அரசு, புயோவின் கதையையே எடுத்துக்கொண்டது.

கேள்வி (நெடுஞ்சாலை): சில்லா கி.மு. 57, கொகுர்யோ கி.மு. 37, பெக்ஜே கி.மு. 18 என்றால், மூன்றில் சில்லாதான் மூத்தது அல்லவா?

பதில்: இல்லை. இவை ‘சாம்குக் சாகி’ தரும் ஆண்டுகள். அதைத் தொகுத்த கிம் பூசிக், சில்லா அரசமரபின் வழிவந்தவர். கி.மு. 57, அறுபதாண்டுச் சுழற்சியின் முதல் ஆண்டு என்பதே ஐயத்துக்குப் போதுமானது. மேலும், கி.மு. 107இல் ஹான் சீனர் அமைத்த சுவான்து ஆட்சிப் பகுதியில் கொகுர்யோவின் பெயராலேயே ஒரு வட்டம் இருந்தது. எனவே அப்பெயர் ஜுமொங்கின் ஆண்டுக்கு முன்பே வழங்கியது.

கேள்வி (மணற்கடிகை): கொகுர்யோ அரசர்களின் குடும்பப்பெயர் ‘கோ’வா, ‘ஹே’யா? இரண்டையும் பார்க்கிறேன்.

பதில்: இதுவரை வந்தவற்றுள் சிறந்த கேள்வி. ஜுமொங் ‘கோ’ என்னும் பெயரைச் சூடினார் என்பதே வழக்கமான விடை. ஆனால் ‘சாம்குக் யூசா’ அவருடைய இயற்பெயர் ‘ஹே’ என்றும், சூரிய ஒளியால் பிறந்த வானவன் மகன் என்பதால் ‘கோ’ என்று மாற்றிக்கொண்டார் என்றும் குறிப்பு எழுதுகிறது. அவருடைய தந்தையாகச் சொல்லப்படும் ஹேமோசுவின் பெயரிலும் அதே ‘ஹே’ இருக்கிறது. அடுத்துவந்த அரசர்களின் பெயர்களிலும் அது தொடர்கிறது: மூன்றாமவருக்கு தெஹேஜுர்யு என்றொரு பெயர், நான்காமவர் ஹேசெக்ஜு, ஐந்தாமவர் ஹேஉ. ஆறாம் அரசர் தேஜோவிலிருந்து இது மறைந்துவிடுகிறது.

இத்துடன் மூன்றாம் நூற்றாண்டுச் சீனக் குறிப்பு ஒன்றைச் சேர்த்துப் பாருங்கள். கொகுர்யோவின் ஐந்து குழுக்களில் முதலில் சோனோ குழு அரசரைத் தந்தது, பின்னர் அது நலிந்து கேரு குழு அவ்விடத்தைப் பெற்றது என்கிறது அது. தேஜோவை ஒட்டி ஆளும் குடும்பமே மாறியது என்று ஆய்வாளர் பலர் கருதுவதற்கு இவையே காரணங்கள். அவ்வாறாயின், ஜுமொங்கை அனைவருக்கும் பொதுவான முதல் மூதாதை ஆக்கியது, பின்வந்த குடும்பம் முன்வந்த குடும்பத்தின் அரசர்களையும் தன் வரிசையில் சேர்த்துக்கொண்ட ஏற்பாடு. எனக்கு இவ்விளக்கம் ஏற்புடையதே. ஆறாம் அரசருக்கு ‘தேஜோ’, அதாவது பெரும் மூதாதை, என்னும் பட்டம் கிடைத்ததற்கும் இதைவிடப் பொருத்தமான காரணம் எனக்குத் தென்படவில்லை.

கேள்வி (திரைவாசி): தொலைக்காட்சித் தொடரில் ஜுமொங்கும் சோசொனோவும் காதலித்து மணக்கிறார்கள். பெக்ஜேயை நிறுவியவர்கள் அவருடைய மகன்கள்தானா?

பதில்: தொடர்கள் சான்றாகா. ‘சாம்குக் சாகி’யின் முதன்மைக் கதையில் பிர்யுவும் ஒன்ஜோவும் ஜுமொங்கின் மகன்கள். அதே நூல் தரும் மாற்றுக் கதையில் அவர்களின் தந்தை புயோ அரசமரபைச் சேர்ந்த உதே. அவர்களின் தாய் சோசொனோ கைம்பெண்ணான பிறகே ஜுமொங்கை மணக்கிறார்.

கேள்வி (இளவேனில்): பெக்ஜே அரசர்களின் குடும்பப்பெயர் ‘புயோ’ என்பது ஒரு நாட்டின் பெயர் அல்லவா? ஒரு நாட்டின் பெயர் எப்படிக் குடும்பப்பெயராகும்?

பதில்: தோற்றம் குறித்த உரிமைக்கோரிக்கையாக. தாங்களும் கொகுர்யோவும் புயோவிலிருந்து வந்தவர்கள் என்று 472இல் பெக்ஜேயின் கேரோ அரசர் சீனாவின் வட வெய் அரசவைக்கு எழுதினார். கொகுர்யோவுக்கு எதிராகப் படையுதவி கேட்ட கடிதம் அது. 538இல் சொங் அரசர் தலைநகரைச் சாபிக்கு மாற்றியபோது நாட்டின் பெயரையே ‘தென்புயோ’ என்று மாற்றினார். சீன ஆவணங்கள் இப்பெயரைச் சுருக்கி ‘யோ’ என எழுதின. 372இல் ஜின் அரசவைக்குத் தூது அனுப்பிய கன்ச்சோகோ அரசர் அங்கே ‘யோ கு’ எனப் பதிவானார். 660இல் நாடு வீழ்ந்தது. கடைசி அரசர் உய்ஜாவின் மகன் புயோ யுங் சீனாவின் லுவோயாங்கில் புதைக்கப்பட்டார்.

பெக்ஜேயின் கதையில் முட்டை இல்லாததன் காரணமும் இதிலேயே இருக்கிறது. வானத்திலிருந்து இறங்கும் உரிமையைப் புயோவும் கொகுர்யோவும் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டன. பெக்ஜேக்கு அந்த மரபில் பிறந்த இளையமகன் என்று காட்டிக்கொள்வதே போதுமானதாக இருந்தது.

கேள்வி (நிலவன்): கி.மு. 57இல் தோன்றிய சில்லாதானே கொரியாவின் முதல் அரசு?

பதில்: நெடுஞ்சாலைக்கு அளித்த பதிலைப் படியுங்கள்.

கேள்வி (செவ்வந்தி): சில்லாவில் பாக், சொக், கிம் என மூன்று குடும்பங்கள் மாறி மாறி ஆண்டது எப்படிச் சாத்தியமாயிற்று? சண்டை வரவில்லையா?

பதில்: சில்லாவின் 56 அரசர்களில் பாக் குடும்பத்தார் 10 பேர், சொக் 8 பேர், கிம் 38 பேர். எண்ணிக்கையைப் பார்த்தவுடன் முறைவைத்து ஆண்டதுபோல் தோன்றும். வரிசையைப் பார்த்தால் அப்படி இல்லை. முதல் மூவர் பாக். நான்காமவர் சொக் தல்ஹே. அடுத்த நால்வர் மீண்டும் பாக். பிறகு சொக் குடும்பத்தார் தொடர்ந்து ஆள, இடையில் 13ஆம் அரசராக கிம் மிசு 262இல் வருகிறார். 356இல் நேமுல் ஆட்சிக்கு வந்தபின் 912 வரை கிம் குடும்பத்தைத் தவிர வேறு யாருக்கும் இடமில்லை. 912இல் பாக் குடும்பம் திரும்ப வந்து மூவர் ஆண்டனர். மூன்றாமவரான கியோங்ஏ 927இல் பிற்கால பெக்ஜேயை நிறுவிய கியொன் ஹ்வொன்னின் படையால் உயிரிழந்தார். கடைசி அரசர் கிம் குடும்பத்தவர். 935இல் கொர்யோவிடம் சரணடைந்தார்.

குடும்பம் மாறிய இடங்களைப் பார்த்தால் பெரும்பாலும் ஒரு மருமகன் நிற்பார். தல்ஹே, இரண்டாம் அரசர் நாம்ஹேயின் மருமகன். மிசு, சொக் குடும்பத்து ஜோபுன் அரசரின் மருமகன். 912இல் வந்த சிந்தொக், கிம் குடும்பத்து ஹொன்காங் அரசரின் மருமகன். பெண்வழி உறவு அரியணைக்கு வழியாக இருந்ததை, பின்வந்த தந்தைவழி வரலாற்றாசிரியர்கள் மூன்று தனித்தனிக் குடும்பங்களாகப் பிரித்து எழுதினார்கள்.

குடும்பப்பெயர் என்பதே அங்கு பிந்தி வந்தது என்பது இன்னும் பெரிய செய்தி. போஹாங்கில் கிடைத்த 503ஆம் ஆண்டின் நேங்சுரி கல்வெட்டிலும், உல்ஜினில் கிடைத்த 524ஆம் ஆண்டின் போங்ப்யொங் கல்வெட்டிலும் அரசர் உட்பட யாருக்கும் குடும்பப்பெயர் இல்லை. எந்தப் பிரிவைச் சேர்ந்தவர், என்ன பதவி என்பவையே உள்ளன. 521இல் தூது அனுப்பிய பொப்ஹுங் அரசரைச் சீன லியாங் வரலாறு, குடும்பப்பெயர் ‘மோ’, பெயர் ‘ஜின்’ என்று எழுதுகிறது. உண்மையில் அது அவருடைய பெயரையே இரண்டாக வெட்டியது. 565இல் வட சி அரசவை அளித்த பட்டத்தில்தான் அவருக்கு அடுத்து வந்தவர் ‘கிம் ஜின்ஹுங்’ ஆகிறார். எனவே முதல் நூற்றாண்டு அரசர் ஒருவரை ‘பாக்’ என்றோ ‘சொக்’ என்றோ நாம் அழைக்கும்போது, அவர் தாமே கேட்டறியாத பெயரால் அவரை அழைக்கிறோம். சுரைக்காய் போன்ற முட்டை என்பதால் ‘பாக்’, காக்கை இனத்துப் பறவை ஒன்று பெட்டியைத் தொடர்ந்து வந்ததால் ‘சொக்’, பொற்பெட்டி என்பதால் ‘கிம்’ என்னும் விளக்கங்கள் யாவும் பெயர்கள் வந்தபின் அவற்றுக்குச் சொல்லப்பட்ட காரணங்கள்.

கேள்வி (புல்வெளி): சில்லாவின் கிம் குடும்பத்தார் ஹூணர்கள் என்பதற்குக் கல்வெட்டே இருக்கிறதே?

பதில்: கல்வெட்டு இருக்கிறது, அது சொல்வது நீங்கள் நினைப்பதன்று. 681இல் இறந்த முன்மு அரசரின் நினைவுக்கல், ஹான் பேரரசில் பணியாற்றிய சியோங்னு (ஹூணரோடு தொடர்புபடுத்தப்படும் புல்வெளி மக்கள்) இளவரசர் ஜின் மிதியின் வழித்தோன்றலாகக் கிம் மரபைக் காட்டுகிறது. தாங் பேரரசோடு நெருங்கிப் பழகிய அரசமரபொன்று, தன் பெயரை எழுதும் அதே எழுத்தால் எழுதப்படும் புகழ்பெற்ற முன்னோர் ஒருவரைத் தேர்ந்துகொண்டது. அதே காலத்தவரான தளபதி கிம் யூசினின் கல்வெட்டு, சீனத் தொன்மப் பேரரசர் ஷாவ்ஹாவோவை முன்னோராகக் காட்டியது. இரண்டையும் ஒருங்கே நம்புவதற்கு வழியில்லை.

கேள்வி (பொருநை): ஹோ ஹ்வாங்-ஓக் தமிழ்நாட்டு இளவரசி. ‘அயுதா’ என்பது குமரிப் பகுதியின் ஆய் நாடு. பெயர் செம்பவளம். சுரோவின் கல்லறை வாயிலில் பாண்டியரின் இரட்டை மீன் இருக்கிறது. இதைப் பற்றி உங்கள் கருத்து என்ன?

பதில்: முதலில் மூலத்தில் இருப்பதைச் சொல்கிறேன். 11ஆம் நூற்றாண்டில் கிம்ஹே வட்டார அதிகாரி ஒருவர் எழுதிய கயா வரலாற்றை ‘சாம்குக் யூசா’ சுருக்கித் தருகிறது. அதன்படி கி.பி. 48இல் சிவப்புப் பாய் விரித்த கப்பல் தென்மேற்கிலிருந்து வருகிறது. வந்தவள் தான் அயுதா நாட்டு இளவரசி என்றும், வயது 16 என்றும், கனவில் வானவன் இட்ட கட்டளையால் பெற்றோர் அனுப்பினார்கள் என்றும் சொல்கிறாள். அயுதா எங்கே என்பதற்கு ‘மேற்குப் பகுதி’ என்பதற்கு மேல் அந்நூலில் எதுவும் இல்லை.

இனி உங்கள் சான்றுகள். ‘ஹ்வாங்-ஓக்’ என்பதை எழுதும் எழுத்துகளின் பொருள் மஞ்சள் மணிக்கல், சிவப்புமில்லை, பவளமுமில்லை. கல்லறை வாயில் 18ஆம் நூற்றாண்டில், சோசொன் அரசின் காலத்தில் எழுப்பப்பட்டது. இரட்டை மீன் உருவம் ஹான் காலச் சீன வெண்கலக் கிண்ணங்களிலேயே உண்டு.

கேள்வி (சரயு): அவர் அயோத்தி இளவரசி என்பதை இரு நாட்டு அரசுகளும் ஏற்றுள்ளன. 2001இல் அயோத்தியில் நினைவிடம் அமைந்தது. 2018இல் கொரிய அதிபரின் மனைவியே வந்து விரிவாக்கத்துக்கு அடிக்கல் நாட்டினார்.

பதில்: நினைவிடம் இரு நாட்டு நட்புக்குச் சான்று, முதல் நூற்றாண்டுக்குச் சான்றன்று. இன்றைய அயோத்தி அக்காலத்தில் சாகேதம் என்றே அறியப்பட்டது. தாய்லாந்தின் அயுத்தயாவைக் கேட்டவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: அந்நகரம் 1351இல் உருவானது, ‘சாம்குக் யூசா’வுக்கும் பிந்தியது. இன்னொன்று: பொருநை காட்டும் அதே இரட்டை மீனைத்தான் அயோத்தித் தரப்பாரும் அவத் நவாபுகளின் சின்னம் என்று காட்டுகிறார்கள். ஒரே மீன்கள் இருவருக்கும் சாட்சி சொல்ல முடியாது.

கேள்வி (பொருநை): அயோத்திக்காரருக்கு அரசு ஆதரவு இருக்கிறது; எங்களுக்கு மொழி ஆதரவு இருக்கிறது. அப்பா, அம்மா என்று கொரியர்களும் அழைக்கிறார்கள். இதையும் மறுப்பீர்களா?

பதில்: குழந்தைகள் முதலில் எழுப்பும் ஒலிகளிலிருந்து தாய் தந்தையரைக் குறிக்கும் சொற்கள் தொடர்பற்ற பல மொழிகளில் தனித்தனியே தோன்றியுள்ளன. மொழியுறவு பற்றிய மற்றக் கேள்விகளை மொழியியலாளரிடம் கேளுங்கள். இந்த அமர்வு அரசமரபுகளைப் பற்றியது.

கேள்வி (பொருநை): தென்னிந்தியத் தொடர்பே இல்லை என்கிறீர்களா?

பதில்: அப்படிச் சொல்லவில்லை. தென்னிந்தியாவில் தொடங்கித் தென்கிழக்காசியாவில் பரவிய இழுவை முறைக் கண்ணாடி மணிகள் பண்டைய கொரியக் கல்லறைகளில் கிடைக்கின்றன. கடல்வழி வணிகத்துக்கு அது நல்ல சான்று. ஆனால் மணி பல துறைமுகங்களில் பலர் கைமாறி வரும். ஓர் இளவரசி அப்படி வருவதில்லை.

இந்த அரசியைப் பற்றி எவரும் கேட்காத கேள்வியே எனக்கு ஆர்வமூட்டுகிறது. அவருடன் சின் போ, ஜோ குவாங் என்னும் இரு அலுவலர்கள் மனைவியரோடு வந்ததாக அதே வரலாறு சொல்கிறது. இரண்டாம் அரசர் மணந்தது சின் போவின் மகளை. மூன்றாம் அரசர் மணந்தது ஜோ குவாங்கின் பேத்தியை. அதாவது கயாவின் தொடக்கத்தில் அரசருக்குப் பெண் கொடுத்த ஒரு குழு தன்னைக் கடல்வழி வந்தவர்களாகச் சொல்லிக்கொண்டது. வானத்திலிருந்து வந்த ஆண்வழியோடு கடலிலிருந்து வந்த பெண்வழியை இணைப்பதே இக்கதையின் வேலை. 452இல் கயாவின் எட்டாம் அரசர் ஜில்ஜி, அரசியின் நினைவாகப் பௌத்தக் கோயில் எழுப்பினார். இந்தியப் பெயரொன்று கதைக்குள் நுழைய அதற்குப் பின்னர் வாய்ப்புகள் ஏராளம். அரசி 157 வயதிலும் சுரோ 158 வயதிலும் இறந்ததாகச் சொல்லும் நூல் அது. 42 முதல் 532 வரையிலான 490 ஆண்டுகளைப் பத்தே அரசர்களைக் கொண்டு நிரப்பியிருக்கிறது. அதிலிருந்து 48ஆம் ஆண்டை மட்டும் உருவி எடுத்து நம்புவது முறையன்று.

கேள்வி (கடற்கரையான்): ஹோ ஹ்வாங்-ஓக் பாண்டிய இளவரசியா, ஆய் இளவரசியா?

பதில்: மேலே பார்க்கவும். இவ்வரசி பற்றிய எஞ்சிய கேள்விகளுக்கும் இதுவே பதில்.

கேள்வி (அகழ்வான்): சொக் தல்ஹே கயாவுக்கும் வந்தார் என்கிறார்களே?

பதில்: ஆம், இரண்டு நாடுகளும் அதை இரண்டு விதமாகச் சொல்கின்றன. சில்லாவின் வரலாற்றில் பெட்டி முதலில் கயாவின் கரையில் ஒதுங்குகிறது. அங்குள்ளோர் அஞ்சி எடுக்காததால் சில்லாவுக்கு வருகிறது. கயாவின் வரலாற்றில் தல்ஹே வளர்ந்தவராக வந்து சுரோவின் அரியணையைக் கேட்கிறார். இருவரும் உருமாறிப் போட்டியிடுகிறார்கள். தல்ஹே பருந்தானால் சுரோ கழுகு, தல்ஹே சிட்டானால் சுரோ வல்லூறு. தோற்ற தல்ஹே சில்லாவுக்கு ஓடுகிறார். நீங்கள் தவறவிட்டவர் என்று சில்லாவும், நாங்கள் விரட்டியவர் என்று கயாவும் சொல்லிக்கொள்கின்றன.

கேள்வி (முதற்குடி): தாங்குனின் குடும்பப்பெயர் என்ன? அவர் தொடங்கி 47 அரசர்களின் பட்டியலும் கிடைக்கிறதே?

பதில்: கொரியாவின் முதல் அரசை நிறுவியவராகத் தொன்மம் சொல்லும் தாங்குனுக்குக் குடும்பப்பெயர் இல்லை. வானவன் மகன் ஹ்வானுங்குக்கும் பெண்ணாக மாறிய கரடிக்கும் பிறந்தவராகச் சொல்லப்படும் அவருக்கு அது தேவைப்படவில்லை. அப்பட்டியல் 1979இல் அச்சேறிய ‘ஹ்வாந்தான் கோகி’யைச் சேர்ந்தது, வரலாற்றாய்வாளர்கள் அதைப் போலி எனக் கருதுகிறார்கள். அதை மேற்கோள் காட்டி வரும் கேள்விகளை நான் எடுத்துக்கொள்வதில்லை.

கேள்வி (சேதுபதி நகர்): இன்றுள்ள கிம்கள் அனைவரும் அரச வாரிசுகளா?

பதில்: 2015 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தென்கொரியரில் ஐந்தில் ஒருவருக்கு மேல் கிம், சுரோவை மூதாதையாகக் கொள்ளும் கிம்ஹே கிம் பிரிவினர் மட்டுமே 40 லட்சத்துக்கும் அதிகம். சோசொன் காலத்தில் மக்களில் பலருக்குக் குடும்பப்பெயரே கிடையாது. பிற்காலத்தில் வம்சாவளி நூல்களில் இடம் வாங்கியவர்கள் உண்டு. 1909இல் குடிப்பதிவுச் சட்டம் வந்தபோது பெயர் சூட்டிக்கொண்டவர்களும் உண்டு. புதிதாகத் தேர்ந்தெடுப்பவர் மதிப்புள்ள பெயரையே தேர்ந்தெடுப்பார். ஆயினும் இந்த உறவுமுறையை வெறும் புனைவு என்று ஒதுக்கிவிட முடியாது. ஒரே பெயரும் ஒரே பூர்விக ஊரும் கொண்டோர் மணப்பதைத் தடுத்த சட்டப் பிரிவை 1997இல் அரசமைப்பு நீதிமன்றம் செல்லாததாக்கி, 2005இல் அது திருத்தப்படும்வரை, இப்பெயர்கள் யார் யாரை மணக்கலாம் என்பதையே தீர்மானித்தன.

கேள்வி (தீவுவாசி): ஜேஜு தீவுக்குத் தனி அரசும் தனிக் கதையும் இருந்தனவா?

பதில்: இருந்தன. அதன் பழம்பெயர் தம்னா. அங்கு வானமும் இல்லை, முட்டையும் இல்லை. நிலத்திலுள்ள மூன்று குழிகளிலிருந்து மூன்று ஆண்கள் வெளிவருகிறார்கள். கடலில் மிதந்து வந்த பெட்டியில் மூன்று பெண்களும், குதிரைக்குட்டிகளும் கன்றுகளும், ஐவகைத் தானிய விதைகளும் வருகின்றன. மூவரும் அம்பெய்து இடங்களைப் பிரித்துக்கொள்கிறார்கள். அவர்களே கோ, யாங், பு குடும்பங்களின் மூதாதையர். கொர்யோ அரசின் வரலாற்று நூல் மூவரில் யாங்கையே மூத்தவராக எழுதுகிறது. இன்று வழக்கில் கோவின் பெயர் முதலில் வருகிறது. மூவரில் மூத்தவர் யார் என்பது இவ்விரு குடும்பத்தாரிடையே நெடுங்கால வழக்கு. அதில் தீர்ப்புச் சொல்ல என்னிடம் கேட்காதீர்கள்.